குடா, களப்பு, முகத்துவாரம்: கிழக்கிலங்கைக் கரையோரம் ஒரு பயணம்

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 சாலையை ஒட்டியும் அந்நகருக்குத் தெற்கேயும் உள்ள ஊர்ப்பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு போனாலே அந்தக் கரையின் நீரமைப்பு பாதி விளங்கிவிடும். சீனக்குடா, உப்பாறு, இறால்குழி, பனிச்சங்கேணி, கல்குடா, பாசிக்குடா, மட்டக்களப்பு, தாழங்குடா, மண்முனை, அம்பிலாந்துறை. ஒவ்வொரு பெயரிலும் ஏதோ ஒரு வகை நீர் இருக்கிறது. அதை அடுத்து வாழும் மனிதர்கள் அந்த நீரை எப்படிக் கண்டார்கள் என்பதும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘குடா’ பள்ளிக்கூடத்துச் சொல். வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா என்று மனப்பாடம் செய்து, வரைபடத்தில் நீல வண்ணம் தீட்டி, மதிப்பெண் வாங்கியதோடு அதன் வேலை முடிந்துவிடும். தனித்து நிற்கும் ‘குடா’வை நம் பேச்சில் கேட்க முடியாது. இலங்கையின் கிழக்கில் அது ஊருக்குப் பெயர், பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர், மீனவர் வாயில் அன்றாடம் புழங்கும் சொல். அந்தச் சொற்களைப் பேசுகிறவர்களின் வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் ஏறிப் பார்ப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். கிழக்கே செங்குத்தான பாறை; அதன் காலடியில் தடையில்லாத கடல். மலைக்கு வடக்கிலும் தெற்கிலும் நிலம் வளைந்து உள்வாங்கி, இரண்டு சிறு குடாக்கள். ஊருக்குப் பின்னால், மலைத்தொடர்களுக்கு இடையே, ஓர் ஏரியைப்போல அடங்கிக் கிடக்கிறது உட்துறைமுகம். அது கடலோடு ஒட்டியிருப்பதை அங்கிருந்து பார்த்தால் நம்ப முடியாது. வாய் குறுகலாக இருப்பதாலும் நிலமுனைகள் மறைத்து நிற்பதாலும் எந்தப் பருவக்காற்றும் அதைப் பெரிதாகக் கலைப்பதில்லை. கடலடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு கரையை நோக்கி நெருங்கி வந்திருப்பதால் நீரும் ஆழம். பெரிய கப்பல்கள் ஒதுங்க இதைவிட நல்ல இடம் அமைவது அரிது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவராக இந்த ஊருக்காகச் சண்டையிட்டதற்கும், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசியதற்கும் காரணம் இந்த நீரின் அமைப்புதான்.

துறைமுகத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது சீனக்குடா. ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. கடற்படைத்தளம் 1957இல் இலங்கையின் கைக்கு வந்தது. தொடருந்து நிலையப் பலகையில் ‘சீனக்குடா’ என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்தபோது, புவியியல் புத்தகத்திலிருந்து ஒரு சொல் இறங்கிவந்து நிலத்தில் நிற்பது கண்டு மனம் நிறைந்தது.

சாலை தெற்கே திரும்பியதும் கிண்ணியாப் பாலம். 2009இல் திறக்கப்பட்டது, 396 மீட்டர் நீளம். இடக்கைப் பக்கம் கொட்டியாரக்குடா, வலக்கைப் பக்கம் நிலத்தால் சூழப்பட்ட தம்பலகாமத்துக் குடா. இரண்டையும் இணைக்கும் நீரோட்டம் பாலத்தின் கீழே ஓடுகிறது. பாலத்தடியில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த வயதான மீனவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“நானா, இது குடாவா, துறையா?”

“குடா வேற, தொறை வேற, தம்பி. காத்து எழும்பினா வள்ளத்தக் கொண்டுபோய் ஒதுக்குறது குடா. ஆள் ஏறி எறங்குற எடம் தொறை. குடாவுக்குள்ள தொறை இருக்கும். எல்லாத் தொறையும் குடாவுல இருக்கணும் எண்டில்ல.”

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. அவருக்குக் குடா என்பது காற்றிலிருந்து காப்பு. துறை என்பது மனிதரின் போக்குவரவு. ஒன்றைக் கடல் அமைத்துத் தருகிறது. மற்றொன்றை மனிதர் பழகிப் பழகி ஆக்கிக்கொள்கிறார்கள். குடா என்ற சொல்லுக்கே வளைவு என்று பொருள். வளைந்து உள்வாங்கிய கரை காற்றைத் தடுக்கும் என்ற அறிவு அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. விரிகுடா, வளைகுடா என்பவை மேலிருந்து பார்க்கிறவருக்கு உருவத்தைச் சொல்கின்றன. கரையில் நிற்கிறவருக்கு வெறும் குடாவே போதும், அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

பாலம் வருவதற்கு முன் இங்கே ‘பாதை’ ஓடியது. கிழக்கிலங்கையில் பாதை என்றால் நீரைக் கடக்க உதவும் மிதவைப் படகு. பேருந்தும் மாட்டுவண்டியும் மனிதரும் ஏறிக்கொள்ள, அக்கரைக்கு இழுத்துச் செல்லப்படும் தட்டையான தெப்பம். திருகோணமலையிலிருந்து மூதூர்ப் பக்கம் தரைவழியே போக ஒரு காலத்தில் பல இடங்களில் பாதை ஏற வேண்டியிருந்தது. ஆறுகளும் களப்புகளும் குறுக்கே குறுக்கே வருகிற நிலத்தில், வழி என்பதே நீரின் மேல்தான் கிடந்தது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்தபோது மாற்றாக ஓடிய பாதை ஒன்று 2021 நவம்பர் 23 அன்று கவிழ்ந்து, பள்ளிக்குழந்தைகள் உள்ளிட்டோர் இறந்தார்கள். அதைப் பற்றிப் பேசுகையில் ஊர்க்காரர்களின் குரல் இன்றும் தழுதழுக்கிறது. நீரால் சூழப்பட்ட ஊரில் ஒரு பாலம் தாமதமாவதன் விலை என்ன என்பதை அவர்கள் அறிவார்கள்.

மூதூரை நெருங்கும்போது மகாவலியின் கிளைகளைக் கடக்கிறோம். நடு மலைநாட்டில் பிறந்து, கண்டி நகரைச் சுற்றி வளைந்து, 335 கி.மீ. ஓடிவரும் இலங்கையின் மிக நீண்ட ஆறு கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. இங்குள்ளவர்கள் அதைச் சுருக்கமாகக் ‘கங்கை’ என்கிறார்கள். ஆறு கொண்டுவரும் வண்டலால் கரை பச்சையாக இருக்கிறது. வயலும் சதுப்பும் மாறி மாறி வருகின்றன. குடாவின் கரையில் மணல் தட்டையாக நீள்கிறது. 1659இன் இறுதியில், புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க இந்தக் குடாவில் ஒதுங்கியது. கரைக்கு வந்தவர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். அவர்களில் ஒருவர் கப்பல் தலைவரின் மகன் இராபர்ட் நாக்ஸ். தந்தை சிறைக்காவலிலேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டில் அடைபட்டுக் கிடந்து, தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல் இலங்கையைப் பற்றி ஐரோப்பாவில் பரவலாக வாசிக்கப்பட்டது. குடா அந்தக் கப்பலைக் காற்றிலிருந்து காத்தது. மனிதர்களின் விதி வேறாக இருந்தது.

மூதூரைத் தாண்டினால் வெருகல். சித்திரவேலாயுதர் கோயில் இருக்கிற ஊர். மகாவலியின் ஒரு கிளையான வெருகலாறு திருகோணமலை மாவட்டத்தையும் மட்டக்களப்பு மாவட்டத்தையும் பிரிக்கிறது. அதைக் கடந்ததும் நிலத்தின் முகம் மாறுகிறது. வாகரைப் பக்கம் சாலைக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் கண்ணாடிபோல் கிடக்கும் உப்புநீர். நடுவில் மணல் மேடும் பனையும் கண்ணாக்காடும் (அலையாத்திக்காடு). பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் அந்த உள்நீரைக் காட்டிக் கேட்டேன். “அது களப்பு,” என்றார். “கடல் இல்லையா?” என்றதும், “கடலும்தான், ஆறும்தான். மாரியில நல்ல தண்ணி, கோடையில உப்புத் தண்ணி,” என்றார்.

களப்பு என்ற சொல் தமிழ்நாட்டில் வழக்கொழிந்துவிட்டது. நாம் பழவேற்காட்டை ஏரி என்கிறோம். கன்னியாகுமரிப் பக்கம் மணக்குடியில் காயல் என்கிறோம். பொதுவாக உப்பங்கழி என்கிறோம். சுற்றுலாப் பலகைகளில் ‘லகூன்’ என்று எழுதிவைக்கிறோம். களப்பைக் கிழக்கிலங்கையில் எந்தச் சிறுவரும் சொல்வார். சிங்களத்திலும் அது ‘கலப்புவ’. ஒரே நீரில் வலை வீசும் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பல ஆண்டுகள் போரைக் கண்ட கரையில் இந்தப் பகிர்வைக் கேட்பது ஆறுதலாக இருந்தது.

ஒரு களப்பு எப்படி உருவாகிறது என்பதைப் பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்று பார்த்தால் பாடம் சொல்லவே தேவையில்லை. அலைகளும் கரையோர நீரோட்டமும் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆறு வந்து சேரும் தாழ்நிலத்தின் முன்னால் அந்த மணல் சுவராகக் குவிகிறது. சுவருக்குப் பின்னால் நீர் தேங்குகிறது. இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. பெரிய ஓதம் இருக்கும் நாடுகளில் கடலே தினமும் இருமுறை உள்ளே வந்து போய் வாயைத் திறந்துவைக்கும். இங்கே அந்த வலிமை ஓதத்துக்கு இல்லை. எனவே மணல் வெல்கிறது, வாய் அடைபடுகிறது. மாரிமழை வந்து ஆறு பெருகினால்தான் மறுபடி உடையும். கிழக்குக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. இந்த மழைக் கணக்கும் மணல் கணக்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. களப்பு என்ற ஒரே சொல்லைச் சொல்லும்போது அந்தப் பெண்மணி இவை எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார்.

வாழைச்சேனையைத் தொட்டுக்கொண்டு கல்குடா, பாசிக்குடா. இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் குடாக்கள். ஒன்றின் பெயரில் கல், மற்றதன் பெயரில் பாசி. கரையில் இறங்கியபோது எதிரே எதைக் கண்டார்களோ அதையே முன்னொட்டாக வைத்துவிட்டார்கள். பாசிக்குடாவில் நீர் ஆழமில்லை. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். பவளப் பாறைகள் வெளியே அலையை உடைத்துவிடுவதால் உள்ளே குளத்துநீர் அமைதி. 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையைத் துடைத்துச் சென்றது. போர் முடிந்த 2009க்குப் பிறகு விடுதிகள் வரிசையாக எழுந்தன. குழந்தைகள் பயமில்லாமல் நீரில் ஓடுவதைப் பார்த்தேன். கரையின் ஓரத்தில் மீனவர்களின் வாடிகள் இன்னும் இருக்கின்றன. பாசிக்குடா என்ற பெயர் இன்று உலகின் பல மொழிகளில் விளம்பரமாக ஒலிக்கிறது. அதை வைத்தவர்கள் படகை எங்கே ஏற்றலாம், அடியில் என்ன இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வைத்தார்கள் என்பதை விடுதிக்கு வருகிறவர்களும் அறிந்துகொள்ள வேண்டும்.

மட்டக்களப்பு தன் பெயரிலேயே களப்பைச் சுமக்கும் நகரம். மட்டமான, அதாவது ஆழம் குறைந்த களப்பு என்று அங்குள்ளவர்கள் பெயர்க்காரணம் சொல்கிறார்கள். கடற்கரைக்கு இணையாகச் சுமார் 56 கி.மீ. நீளத்துக்கு அந்த நீர் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் அதையே ‘வாவி’ என்றும் அன்போடு சொல்கிறார்கள். நகரின் பெயரில் களப்பு, பாட்டிலும் பேச்சிலும் வாவி. போர்த்துக்கீசர் 1628இல் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். வாவிக்கரையில் அது இன்றும் நிற்கிறது. கல்லடிப் பாலத்தின் கீழே நிலவு நாளில் துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையில் காது வைத்தால் இசை கேட்கும் என்பது ‘மீன் பாடும் தேன்நாடு’ என்று இந்த ஊர் பெயர் பெறக் காரணமான நம்பிக்கை. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தம் யாழ்நூலில் இந்த வாவியின் இசையை நீரரமகளிரோடு சேர்த்துப் பேசினார். அவர் உடல் அடக்கம் செய்யப்பட்ட இடமும் கல்லடியில்தான்.

வாவியின் இரண்டு கரைகளுக்கும் பெயர் உண்டு. கடல்பக்கம், சூரியன் எழும் திசையில் இருப்பது எழுவான்கரை. உள்நாட்டுப் பக்கம், சூரியன் படும் திசையில் இருப்பது படுவான்கரை. எழுவான்கரையில் நகரமும் மீன்பிடியும் தென்னையும்; படுவான்கரையில் வயலும் மாடும். ஒரு நீரை நடுவில் வைத்து, வானத்தைக் கொண்டு இரண்டு உலகங்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இரண்டையும் இணைத்தவை துறைகள். மண்முனையில் பாதை ஓடிய இடத்தில் 2014இல் பாலம் வந்துவிட்டது. அம்பிலாந்துறையும் குருமண்வெளியும் வாவியைக் கடந்து போய்வந்த தலைமுறைகளின் பெயர்கள்.

நகருக்கு வடக்கே, பாலமீன்மடுவுக்கு அருகில், வாவி கடலைச் சந்திக்கும் இடம் முகத்துவாரம். அந்த ஊருக்கே அதுதான் பெயர். களனி ஆறு கடலில் விழும் பக்கத்தில் இருக்கும் கொழும்பு 15 பகுதிக்கும் தமிழில் முகத்துவாரம் என்றே பெயர். நான் போனபோது மணல்திட்டு வாயை அடைத்துக் கிடந்தது. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத வாவி. நடுவே வெறுங்காலால் நடந்து கடக்கக்கூடிய மணல். அங்கே வீச்சுவலையோடு நின்றவரிடம் இது எப்போது திறக்கும் என்று கேட்டேன்.

“மாரி முத்தினா ஆத்துவாய வெட்டுவாங்க, தம்பி. வெட்டாட்டிப் படுவான்கரையில வயலெல்லாம் தண்ணிக்குள்ள போயிரும். நேரத்தோட வெட்டினா எங்களுக்குத்தான் நட்டம். தண்ணி வத்தி, இறாலும் மீனும் கடலுக்குப் போயிரும்.”

“அப்போ யார் சொல்வதைக் கேட்பார்கள்?”

“ரெண்டு பக்கமும் கூடிப் பேசித்தான் வெட்டணும்.”

இந்த உரையாடல்தான் என் பயணத்தின் உச்சம். முகத்துவாரம் என்பது நிலத்தில் நிலையாக இருக்கும் ஒரு பொருளின் பெயர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு நிகழ்வு. சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதை உழவரும் மீனவரும் அரச அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. வரைபடம் வரைகிறவர் அங்கே ஒரு கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். திறந்த கோடா, மூடிய கோடா என்பது மாதத்தைப் பொறுத்தது. துவாரம் என்ற சொல் வாயிலைக் குறிப்பது. வாயில் என்றால் திறப்பதும் அடைப்பதும் இருக்கும். சொல்லை வைத்தவர்கள் அதை மனத்தில் கொண்டே வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கரையிலும் இதே வழக்கு இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரம் தூர்ந்துவிட்டது, வெட்டித் தாருங்கள் என்று ஆண்டுதோறும் கோரிக்கை வைத்து வந்திருக்கிறார்கள். அங்கும் மணலும் ஆறும் அலையும் ஒன்றோடொன்று இழுபறி நடத்துகின்றன. ஆனால் நம் செய்தித்தாள்களும் திட்ட அறிக்கைகளும் ஒரே இடத்தை ஒருநாள் கழிமுகம் என்றும் மறுநாள் முகத்துவாரம் என்றும் மற்றொரு நாள் காயல் என்றும் எழுதுகின்றன. இலங்கைப் பாடநூல்களில் கழிமுகம் என்றால் ஆறு வண்டல் படிய விரியும் நிலம், நாம் டெல்டா என்பது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்துக்கு அவர்கள் பொங்குமுகம் என்கிறார்கள். நாமோ அந்தக் கலக்குமிடத்தைத்தான் கழிமுகம் என்கிறோம். தீபகற்பம் என்று நாம் படித்ததை அவர்கள் குடாநாடு என்று படிக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு என்று நாமும் அவர்களிடமிருந்து கேட்டுப் பழகியிருக்கிறோம். பாக் நீரிணையின் இருபுறமும் ஒரே மொழி. வெள்ளம், மீன்வளம், அலையாத்திக்காடு பற்றிய ஓர் அறிக்கை இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனால், அதில் கழிமுகம் என்றிருப்பது எதைக் குறிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. கரையோரங்கள் வேகமாக மாறிவரும் காலத்தில் இந்தக் குழப்பத்தை நாம் தொடரவிடக் கூடாது.

என் வேண்டுகோள் எளியது. இரு கரைகளின் பாடநூல் எழுதுவோரும் கலைச்சொல் தொகுப்போரும், கரையில் பேசுகிறவர்களின் சொற்களை முதலில் கேட்க வேண்டும். களப்பு, முகத்துவாரம், ஆற்றுவாய், உப்பாறு, காயல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்கே ஒதுங்கலாம், எங்கே ஏறலாம், எப்போது நீர் இனிக்கும், எப்போது வாய் திறக்கும் என்பதை அவை சொல்லிவிடுகின்றன. பழவேற்காட்டில் படிக்கும் மாணவிக்குத் தன் ஏரியின் பக்கத்தில் ‘களப்பு’ என்ற சொல்லும் கிடைத்தால், அவளால் மட்டக்களப்பு மாணவியின் நோட்டுப்புத்தகத்தைத் தடையின்றி வாசிக்க முடியும். இருவருக்கும் வாழ்க்கை ஒரே மணலோடும் ஒரே மழையோடும்தான்.

இந்தச் சாலையில் போக விரும்புகிறவர்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போனால் கடல் அமைதியாக இருக்கும், பாசிக்குடாவில் நீராடலாம், அடைபட்ட முகத்துவாரத்தின் மேல் நடக்கலாம். மாரியில் போனால் சாலைகள் சில இடங்களில் நீரில் மூழ்கும். ஆனால் அப்போதுதான் வாய் திறக்கும், வாவி கடலாகும். இரண்டு காலமும் பார்க்கத் தக்கவை. எந்தக் காலத்தில் போனாலும் கரையில் வலை காயவைப்பவரிடம், எதிரே கிடக்கும் நீருக்கு என்ன பெயர் என்று ஒருமுறை கேளுங்கள். அவர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தமாட்டார். அந்த நீரோடு எப்படி வாழ்வது என்பதையும் சேர்த்தே சொல்வார்.